ரோபோ உடையில் உட்கார முடியுமா? – வாசகர் கேள்விகள்

கேள்வி: என் மகன் பள்ளி ஆண்டு விழாவில் ரோபோவாக நடிக்கிறான். அட்டைப் பெட்டியில் உடை செய்தோம். கையைத் தூக்கவே முடியவில்லை, வளவை ஒரு சுற்றுச் சுற்றி வருவதற்குள் தொடைப் பக்கம் கிழிந்துவிட்டது. சினிமாவில் எப்படித்தான் செய்கிறார்கள்?
– ஒரு வாசகி, தேவகோட்டை

அட்டையின் மேல் பழி போடாதீர்கள் அம்மா. பெட்டியைச் செய்துவிட்டு அதற்குள் பிள்ளையை நுழைத்திருக்கிறீர்கள். சினிமாவில் முதலில் நடிகரின் உடம்பை அச்செடுப்பார்கள், அந்த அச்சின் மேல் களிமண்ணில் ரோபோவின் வடிவத்தைச் செதுக்கி, அதிலிருந்து வார்ப்பு எடுத்து, ஃபைபரிலோ நுரை ரப்பரிலோ துண்டு துண்டாகச் செய்வார்கள். அந்த உடை அந்த ஒரு ஆளுக்குத்தான் பொருந்தும், தம்பிக்குக்கூடப் பொருந்தாது.

1927-ல் வந்த 'மெட்ரோபோலிஸ்' என்ற ஜெர்மன் படத்திலேயே இந்த வேலை நடந்திருக்கிறது. நடிகை பிரிகிட்டே ஹெல்மின் உடம்பை அச்செடுத்து, காற்றுப் பட்டால் இறுகிக்கொள்ளும் மரத்தூள் கலவையை அதன் மேல் பூசி வடிவமாக்கி, வெள்ளி நிறம் அடித்தார் ஒரு சிற்பி. ஆனால் அச்சு எடுத்தது அந்த நடிகை நின்றுகொண்டிருந்தபோது. காட்சியிலோ ரோபோ நாற்காலியில் உட்கார்ந்திருக்க வேண்டும். உட்கார்ந்ததும் உடை உடம்பைக் கடித்து அந்தப் பெண் பட்ட பாடு கொஞ்சமல்ல. 1977-ல் 'ஸ்டார் வார்ஸ்' தங்க நிற ரோபோவாக நடித்த ஆன்டனி டேனியல்ஸுக்கும் உட்கார வழியில்லை, ஷாட்டுக்கு ஷாட் நடுவே சாய்ந்து நிற்கத்தான் ஒரு பலகை. அதனால் பையன் மேடையில் உட்காருவானா, குனிவானா, படி ஏறுவானா என்பதை முதலில் டீச்சரிடம் கேட்டு வந்துவிடுங்கள், அப்புறம் கத்தரிக்கோலை எடுக்கலாம்.

மூட்டில்தான் எல்லாமே இருக்கிறது. முழங்கையை எடுத்துக்கொள்ளுங்கள். மேல்கைக் குழலும் முன்கைக் குழலும் தனித்தனியாக இருக்க வேண்டும், கை மடங்கும் உள்பக்கத்தில் இரண்டையும் பிறை மாதிரி வளைவாக வெட்டிவிட வேண்டும், நடுவே தெரிகிற இடைவெளியைக் கறுப்புத் துணி மறைத்துவிடும். தோள்மூடியை மார்புத் தகட்டோடு ஒட்டவே கூடாது. கழுத்துப் பக்கத்திலிருந்து எலாஸ்டிக் பட்டையில் தொங்கட்டும், கை உயரும்போது அதுவும் கூடவே ஏறிக்கொள்ளும். தொடைத் துண்டு இடுப்பு பெல்ட்டிலிருந்து தொங்க வேண்டும், இல்லாவிட்டால் நடக்க நடக்க முட்டிக்குச் சரிந்து வந்துவிடும். இடுப்பை விறைப்பாகச் செய்யவே செய்யாதீர்கள். அந்தத் தங்க ரோபோவுக்கும் வயிற்றுப் பகுதி மட்டும் வளைகிற மாதிரி, மேலே ஒயர்கள் ஓடும்படிதான் இருந்தது.

அளவுக்கு ஒரு சுலபமான வழி இருக்கிறது. பழைய சட்டை பேண்ட் மேல் சமையலறை பிளாஸ்டிக் தாளை இறுக்காமல் சுற்றி, அதன் மேல் அகல டேப் ஒட்டி, பேனாவால் ரோபோவின் தகடுகளை வரைந்து, முதுகுப் பக்கம் கவனமாக வெட்டிக் கழற்றுங்கள். வரைந்த கோட்டில் நறுக்கினால் அதுதான் உங்கள் பேட்டர்ன். அதை வைத்து ஈவிஏ ஃபோமில் (செருப்பு அடிப்பாகத்துக்குப் போடுகிற மாதிரி மெத்தென்ற தகடு) வெட்டி, ஹீட் கன்னால் (சூடான காற்றை ஊதும் கருவி) சூடாக்கி வளைத்து, செருப்புக் கடையில் போடுகிற பசையால் ஒட்டலாம். அந்தப் பசை நெடியை மூடிய அறையில் சுவாசிக்கக் கூடாது, திறந்த வளவிலேயே வேலையை வைத்துக்கொள்ளுங்கள். பிளாஸ்டர் ஆஃப் பாரிஸில் பிள்ளையை அச்செடுக்கும் எண்ணம் மட்டும் வேண்டவே வேண்டாம். அது இறுகும்போது சூடாகும், கனமாகப் பூசினால் தோலைப் புண்ணாக்கிவிடும்.

கேள்வி: இந்த வெயிலில் அதைப் போட்டால் உள்ளே இருப்பவருக்கு மூச்சு முட்டாதா?
– ஒரு வாசகர், காரைக்குடி

முட்டும். 'ரோபோகாப்' (1987) நாயகன் பீட்டர் வெல்லருக்கு உடைக்குள் வியர்த்துக் கொட்டியதில் எடையே குறைந்தது, பிறகுதான் உள்ளே காற்று வர ஏற்பாடு செய்தார்கள். நம்மூர் வெயிலில் சின்னப் பிள்ளைக்கு இது விளையாட்டுக் காரியமில்லை. தலைக்கவசத்தில் வாய்ப்பக்கமும் பின்கழுத்திலும் வலை வைத்து, கம்ப்யூட்டர் ஃபேன் ஒன்றைப் பவர் பேங்கில் ஓட விடலாம். எது செய்தாலும் சரி, தலைப் பகுதி ஒரே இழுப்பில் கழன்று வர வேண்டும். ஸ்க்ரூ, முடிச்சு எதுவும் கூடாது, வெல்க்ரோ போதும். தன் முறை வரும்வரை தலையைப் போடாமல் தண்ணீர் குடித்துக்கொண்டு இருக்கட்டும். உள்ளிருந்து பார்த்தால் காலடி தெரியாது, ஆகவே மேடைப் படியில் கையைப் பிடித்து ஏற்றி இறக்க ஒரு பெரியவர் கட்டாயம் வேண்டும்.

கேள்வி: நம்ம சிக்ரி (காரைக்குடியில் உள்ள மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிறுவனம்) பக்கத்திலேயே இருக்கிறதே, உடைக்கு நிஜமாகவே உலோக முலாம் பூச முடியாதா?
– ஒரு கல்லூரி மாணவி, கண்டனூர்

கேட்க வேண்டிய கேள்விதான். மின்முலாம் ஏற, பொருளின் மேற்பரப்பில் மின்சாரம் பாய வேண்டும். பிளாஸ்டிக் மேல் முதலில் ரசாயன முறையில் மெல்லிய உலோகப் படலம் ஏற்றி, அப்புறம் முலாம் பூசுவார்கள். வெற்றிட அறையில் அலுமினியத்தை ஆவியாக்கிப் படிய வைக்கிற முறையும் உண்டு. ஆனால் ஃபோம் வளைகிற பொருள், கெட்டியான முலாம் ஏறினாலும் வெடித்து உரிந்துவிடும். தண்ணீர் கலந்த ஃபெவிக்காலைப் பல கோட் பூசிக் காயவைத்து, பளபளக்கிற கறுப்பு அடித்து, அதன் மேல் வெள்ளி ஸ்ப்ரேயை மெலிதாக அடியுங்கள். அடியில் கறுப்பு எவ்வளவு வழவழப்போ அவ்வளவுக்குத்தான் வெள்ளி மின்னும்.

கேள்வி: நடை எப்படிப் பழகுவது?
– அதே தேவகோட்டை வாசகி

பீட்டர் வெல்லர் மௌன நாடக ஆசிரியர் ஒருவரிடம் பல மாதம் நடை பழகினார். உடை தாமதமாக வந்து சேர்ந்தது, போட்டுப் பார்த்தால் பழகிய அசைவு எதுவும் அதற்குள் செல்லவில்லை, நிதானமான வேறு நடையைப் புதிதாகப் பழக வேண்டியதாயிற்று. எனவே பெயிண்ட் அடிக்காவிட்டாலும் பரவாயில்லை, மூட்டுகளை முடித்த உடனே பையனிடம் கொடுத்துவிடுங்கள். திரும்பும்போது முதலில் தலை, அது நின்ற பிறகு தோள், கடைசியில் கால். இந்த வரிசை பிடிபட்டுவிட்டால் பாதி ரோபோ வந்துவிட்டது, பெயிண்டை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்.