ஒரே ஊதா, இரண்டு தாள்கள்

அன்புள்ள ஐயா,

சேலத்தில் மூன்று ஊதா மைப் புட்டிகளை வாங்கி ஒப்பிட்டுப் பார்த்தேன். பள்ளி நோட்டில் தடித்துக் கருத்த அதே மை, வழவழப்பான தாளில் வெளிறி, எழுத்து முடியும் இடத்தில் மட்டும் அடர்ந்து தெரிகிறது. எதை அந்த மையின் நிறம் என்று கொள்வது? மேலும், ஏற்காடு வந்து இறங்கியபோது பேனாவின் மூடிக்குள் மை கசிந்திருந்தது. அது மையின் குறையா?

வாசகர், அஸ்தம்பட்டி

அன்புள்ள நண்பருக்கு,

இரண்டுமே அந்த மையின் நிறங்கள்தாம். மைப்பேனாவுக்கான வண்ண மைகளில் பெரும்பாலானவை நீரில் கரைந்த சாயங்கள். பசைப்பூச்சு குறைந்த தாளில் நீர் நார்களின் வழியே பக்கவாட்டிலும் ஓடுவதால் கோடு தடித்துப் பிசிறடிக்கிறது. பூச்சு நன்றாக உள்ள தாளில் மை மேலேயே தங்கி மெல்ல உலர்வதால், கோட்டின் முடிவில் தேங்கிய சாயம் அடர்ந்து நிற்கிறது. ஆகவே ஒப்பிடும்போது மையைத் தவிர வேறு எதையும் மாற்றாதீர்கள்: ஒரே தாள், ஒரே பேனா, நிறமில்லாத தண்ணீர் வரும்வரை கழுவி உலர்த்திய நிப். ஏற்காட்டு மூடுபனியில் என் மேசைத் தாளே ஈரம் உறிஞ்சி மெத்தென்று ஆகிவிடுவதால், மழைக்காலத்தில் எழுதிய மாதிரியைக் கோடையில் எழுதியதோடு வைத்துப் பார்ப்பதை நான் விட்டுவிட்டேன். ஈரத்தில் தெரியும் நிறத்தையும் நம்ப வேண்டாம். மறுநாள் பகல் வெளிச்சத்தில் பாருங்கள்.

பார்வைக்கு ஒன்றுபோலிருக்கும் ஊதாக்கள் உள்ளே வேறுபடலாம். காபி வடிகட்டும் தாளை விரல் அகலத்துக்கு நறுக்கி, அடியிலிருந்து சற்று மேலே ஒரு சொட்டு மை வைத்து, நுனி மட்டும் தண்ணீரில் தொடுமாறு டம்ளரில் தொங்கவிடுங்கள். நீர் ஏற ஏறச் சொட்டு நீண்டு கலைந்து, ரோஜா நிறம் ஒரு பட்டையாகவும் நீலம் ஒரு பட்டையாகவும் பிரிவதைக் காண்பது எனக்கு இன்றும் அலுக்காத காட்சி. சில ஊதாக்கள் பிரியாமலே ஏறும். அவை ஒற்றைச் சாயமாக இருக்கக்கூடும். கலவையில் ரோஜா நிறம் முந்தி வெளுத்தால், ஊதாவில் எழுதிய கடிதம் ஒருநாள் நீலமாகிவிடும். இதை அறிய, எழுதிய தாளில் பாதியை அட்டையால் மூடிச் சேலத்து வெயிலில் ஒரு மாதம் வைத்தால் போதும்.

கசிவுக்கு மையைக் குறை சொல்லாதீர்கள். சேலம் கடல்மட்டத்திலிருந்து 300 மீட்டருக்கும் கீழே இருக்கிறது. ஏற்காடு ஏறத்தாழ 1,500 மீட்டர் உயரத்தில். 20 கொண்டை ஊசி வளைவுகளைக் கடப்பதற்குள் காற்றழுத்தம் எட்டில் ஒரு பங்கு அளவுக்குக் குறைய, பேனாவுக்குள் அடைபட்ட காற்று விரிந்து மையை வெளியே தள்ளுகிறது. பாதி நிரம்பிய பேனாவில்தான் காற்று அதிகம். முழுக்க நிரப்பி, நிப் மேல்நோக்கி இருக்குமாறு கொண்டுவாருங்கள்.

மூன்று ஊதாக்களின் பட்டைகளையும் உலர்த்தி எடுத்து வாருங்கள், என்னிடம் உள்ளவற்றோடு சேர்த்து வைத்துப் பார்ப்போம். மையின் பெயரை மட்டும் பென்சிலால் எழுதுங்கள். பேனாவால் எழுதினால் அந்த எழுத்தும் நீரோடு சேர்ந்து ஏறிவிடும்.