ஒரே கோழியில் மூன்று வேளைச் சமையல்

கேள்வி: வீட்டில் நாலு பேர். வாரத்துக்கு ஒரு முழுக்கோழி வாங்குகிறோம். சுத்தம் செய்தபின் ஒன்றரை கிலோ இருக்கும். மொத்தமாகக் குழம்பு வைத்தால் ஒரே வேளையில் தீர்ந்துவிடுகிறது. நெஞ்சுக்கறி மட்டும் சக்கையாக இருக்கிறதென்று எல்லோரும் ஒதுக்கிவிடுகிறார்கள். அதே கோழியை இன்னும் ஒன்றிரண்டு வேளைக்கு, வேறு வேறு ருசியில் சமைக்க வழி உண்டா?

பதில்: உண்டு. கோழி சீக்கிரம் தீர்வதற்கும் நெஞ்சுக்கறி சக்கையாவதற்கும் காரணம் ஒன்றுதான். எல்லாத் துண்டுகளும் ஒரே சட்டியில், ஒரே நேரம் வேகின்றன.

நெஞ்சுக்கறியில் கொழுப்பும் குறைவு, சதையைப் பிணைக்கும் கொலாஜன் என்ற புரதமும் குறைவு. உட்சூடு 70 டிகிரி செல்சியஸைத் தாண்டிப் போகப்போக, சதை சுருங்கிச் சாற்றை வெளியே தள்ளும். கால், தொடை இரண்டும் நேர்மாறு. அவற்றிலுள்ள கொலாஜன் 80 டிகிரிக்கு மேல் கொஞ்ச நேரம் நின்றால்தான் இளகி ஜெலட்டினாகும்; கறி எலும்பை விட்டு வழுக்கிக்கொண்டு வரும். தொடை பதமாகும்வரை அடுப்பில் வைத்தால் நெஞ்சு வீண். நெஞ்சுக்காகச் சட்டியை முன்னதாக இறக்கினால் தொடை எலும்போரம் சவசவ என்று இருக்கும். முதுகும் கழுத்தும் குழம்பில் இடத்தை அடைத்துக்கொண்டு, கடைசியில் தட்டின் ஓரத்துக்குப் போகின்றன. உண்மையில் ஒரு வேளைச் சாப்பாட்டுக்கான சாறு அவற்றில்தான் இருக்கிறது.

ஆகவே கோழியைச் சின்னத் துண்டுகளாக வெட்டி வாங்காதீர்கள். முழுதாக வாங்கி நீங்களே பிரியுங்கள். பத்து நிமிட வேலை, எலும்பை வெட்ட வேண்டியதும் இல்லை. காலை உடம்பிலிருந்து வெளிப்பக்கம் இழுத்து, இடையில் விரியும் தோலைக் கீறுங்கள். தொடையை முதுகுப்பக்கம் அழுத்தி மடக்கினால் மூட்டுக் குமிழ் பிதுங்கி வெளியே தெரியும். அந்த இடுக்கில் கத்தியை விட்டால் வழுக்கிக்கொண்டு இறங்கும். கத்தி கடினமாக எதிலாவது முட்டினால் நீங்கள் எலும்பின்மேல் இருக்கிறீர்கள், கொஞ்சம் தள்ளி வையுங்கள். தொடையையும் காலையும் பிரிக்க, உட்பக்கத்தில் மெல்லிய வெள்ளைக் கொழுப்புக் கோடு ஒன்று ஓடும். அதன்மேல் வெட்டினால் நேராக மூட்டில் போய் நிற்கும். இறக்கைக்கும் மூட்டு பார்த்து வெட்டுவதே முறை. நெஞ்சுக்கு, நடு எலும்பை ஒட்டி நீளவாக்கில் கீறி, கத்தியை விலா எலும்பின்மேல் சாய்த்து வழித்துக்கொண்டே வாருங்கள். இரண்டு பக்கமும் முழுத் துண்டாக வந்துவிடும்.

ஒன்றரை கிலோ கோழியில் காலும் தொடையும் சேர்த்து ஏறக்குறைய 450 கிராம், எலும்பில்லாத நெஞ்சுக்கறி 375 கிராம், இறக்கைகள் 150 கிராம் வரும். மிச்சம் எலும்புக்கூடு, கழுத்து, தோல், ஈரல், இரைப்பை. இவற்றை மூன்று வேளைக்குப் பிரிப்போம்.

அதற்கு முன் இரண்டு விஷயம். பச்சைக் கோழியைக் குழாயடியில் அலசக் கூடாது என்பதுதான் உணவுப் பாதுகாப்புத் துறையினரின் அறிவுரை. கேம்பிலோபாக்டர், சால்மொனெல்லா போன்ற கிருமிகள் தண்ணீரில் போவதில்லை, தெறித்துப் பக்கத்தில் இருக்கும் பாத்திரத்திலும் காய்கறியிலும் ஒட்டும். அவற்றைக் கொல்வது அடுப்புச் சூடுதான். காகிதத் துண்டால் ஈரத்தை ஒற்றினால் போதும். மனசு கேட்கவில்லையென்றால் ஒரு பாத்திரத்துத் தண்ணீரில் மெதுவாக முக்கி எடுத்துவிட்டு, அந்தப் பாத்திரத்தையும் கழுவும் தொட்டியையும் சோப்பு போட்டுத் தேய்த்துவிடுங்கள்.

அடுத்தது உப்பு. காலையும் தொடையையும் முந்தைய இரவே உப்பு தடவி, ஃபிரிட்ஜின் கீழ்த்தட்டில் மூடி வையுங்கள். கிலோவுக்கு 12 கிராம், அதாவது தலை தட்டிய இரண்டு டீஸ்பூன் பொடி உப்பு. முதல் அரை மணியில் கறி நீர் விடும். நேரம் போகப்போக அதே நீர் உப்போடு உள்ளே திரும்பும். உள்ளே போன உப்பு, வேகும்போது சாறு வெளியேறுவதைக் குறைக்கும். மசாலா எவ்வளவு தடவினாலும் பெரும்பாலும் மேல்பரப்போடு நின்றுவிடும். உள்வரை போவது உப்புதான். குழம்பில் உப்பு போடும்போது இதைக் கணக்கில் வைத்துக்கொள்ளுங்கள்.

முதல் வேளைக்குக் காலும் தொடையும் இறக்கையும். துண்டுகளை நன்றாக ஒற்றி, கனமான சட்டியில் ஒரு டேபிள்ஸ்பூன் எண்ணெய் காய்ந்ததும், இடைவெளி விட்டு அடுக்குங்கள். ஐந்து நிமிடம் தொடாதீர்கள். பொன்னிறமும் அந்த வறுத்த வாசனையும் 140 டிகிரிக்கு மேல்தான் வரும். சட்டியில் ஈரம் இருக்கும்வரை சூடு 100 டிகிரியைத் தாண்டாது. நெருக்கிப் போட்டால் கறி தண்ணீர் விட்டுத் தன் நீரிலேயே வெந்து வெளுத்துப்போவது இதனால்தான். இரண்டு தவணையாக வறுத்து எடுத்து வைத்துவிட்டு, அதே சட்டியில் வெங்காயம், இஞ்சி, பூண்டு வதக்குங்கள். அடியில் ஒட்டிய பழுப்பைச் சுரண்டிவிட மறக்காதீர்கள், குழம்பின் ருசியில் பாதி அங்கேதான். பிறகு மசாலா, தண்ணீர், வறுத்த கறி சேர்த்து, மூடி போட்டு, மெல்லக் குமிழ் விடும் தீயில் 35 முதல் 40 நிமிடம்.

குக்கர் வேண்டாம். பிராய்லர் கோழி சில வார வயசே ஆன குஞ்சு; விசிலுக்கு விசில் கறி கரைந்து குழம்பில் நார் மிதக்கும். முட்டையிட்டு ஓய்ந்த முற்றின கோழியாக இருந்தால்தான் குக்கர் தேவை.

கறி 600 கிராம்தான், அதிலும் எலும்பு உண்டு. நாலு பேருக்குத் திருப்தியாக இருக்க, வேகத் தொடங்கி 20 நிமிடம் கழித்து 300 கிராம் உருளைக்கிழங்கைப் பெரிய துண்டாகப் போடுங்கள். முன்னாலேயே போட்டால் குழைந்து போகும். வேகவைத்த கொண்டைக்கடலை ஒரு கப்பும் நன்றாகச் சேரும். குழம்பைத் திக்காக்க ஒரு கைப்பிடி வெந்த பருப்பை மசித்து ஊற்றலாம். கோழிக் கொழுப்பின் ருசி கிழங்கிலும் கடலையிலும் ஏறிவிடுவதால் ஒப்பேற்றிய மாதிரி இருக்காது.

நெஞ்சுக்கறிக்குத்தான் கவனம் அதிகம் வேண்டும். அரை மணி நேரம் ஃப்ரீசரில் வைத்து லேசாக இறுகியதும் எடுங்கள். மெல்லிசாக அரிய வசதியாக இருக்கும். சதையின் நார் எந்தப் பக்கம் ஓடுகிறது என்று பார்த்து, அதற்குக் குறுக்கே, கால் அங்குலத்துக்கும் மெல்லிய துண்டுகளாக அரியுங்கள். நாரோடு சேர்த்து நீளவாக்கில் அரிந்தால் என்ன செய்தாலும் பல்லில் இழுக்கும். 375 கிராம் கறிக்கு ஒரு முட்டையின் வெள்ளைக்கரு, ஒன்றரை டேபிள்ஸ்பூன் கார்ன்ஃப்ளார், அரை டீஸ்பூன் உப்பு, இரண்டு டீஸ்பூன் எண்ணெய். பிசறி அரை மணி ஃபிரிட்ஜில் வையுங்கள். மேலே படியும் மாவுப்பூச்சு நேர்ச்சூட்டைத் தடுத்துச் சாற்றை உள்ளே நிறுத்தும். முட்டை இல்லையென்றால் அரை டீஸ்பூன் சமையல் சோடா தடவி 15 நிமிடம் வைத்து, பாத்திரத்துத் தண்ணீரில் மெதுவாக அலசி, அழுந்த ஒற்றி எடுங்கள். சோடா கறியின் மேல்பரப்பைக் காரத்தன்மையாக்குவதால் புரதம் இறுக்கமாகச் சுருங்காது. அளவோ நேரமோ கூடினால் சோப்பு வாடை அடிக்கும்.

வாணலி புகையத் தொடங்கும் சூட்டில், இரண்டு தவணையாக, ஒவ்வொன்றும் இரண்டு நிமிடம் பிரட்டி எடுத்துவிடுங்கள். அதே வாணலியில் குடைமிளகாய், முட்டைக்கோஸ், கேரட், பீன்ஸ் என எது இருக்கிறதோ அதில் அரை கிலோ வதக்கி, நொறுநொறுப்பு போகும் முன் கறியைத் திரும்பப் போட்டு, மிளகு, பூண்டு சேர்த்து, கொஞ்சம் எலும்புச் சாறு (செய்முறை கீழே) ஊற்றி ஒரு நிமிடத்தில் இறக்குங்கள். இரண்டு நெஞ்சுத் துண்டு நாலு தட்டுக்குப் போதுகிறதே என்று ஆச்சரியமாக இருக்கும். மெல்லிசாக அரிந்தால் ஒவ்வொரு வாய்க்கும் ஒரு துண்டு வருகிறது, அவ்வளவுதான்.

வறுவல் சலித்துவிட்டால் அதே நெஞ்சுக்கறியைக் கொத்துக்கறியாக்கி அடை மாதிரித் தட்டிச் சுடலாம். குளிர்ந்த கறியை மிக்ஸியில் விட்டுவிட்டு நாலைந்து சுற்று மட்டும். தொடர்ந்து ஓட்டினால் பசையாகிவிடும். இங்கே பலர் தவறுவது வரிசையில். எல்லாவற்றையும் ஒன்றாகக் கொட்டிப் பிசைகிறார்கள், கல்லில் போட்டதும் உதிர்கிறது. முதலில் கறியையும் உப்பையும் மட்டும் இரண்டு நிமிடம் அழுத்திப் பிசையுங்கள். உப்பு பட்டதும் சதைப் புரதம் கரைந்து கையில் பிசுபிசுவென்று ஒட்டும். அந்தப் பிசுபிசுப்புதான் கட்டும். அதன் பிறகே 200 கிராம் வெந்து உலர்ந்த உருளைக்கிழங்கு, 40 கிராம் ரொட்டித்தூள், ஒரு முட்டை, வதக்கி ஆறவைத்த வெங்காயம். பச்சை வெங்காயம் நீர் விட்டு எல்லாவற்றையும் கெடுத்துவிடும். 12 வடையளவுத் தட்டைகள் வரும். மிதமான தீயில் பக்கத்துக்கு நான்கு நிமிடம்.

எலுமிச்சைச் சாற்றில் நெஞ்சுக்கறியை இரவு முழுக்க ஊறவைக்கச் சொல்கிறவர்கள் உண்டு. கேட்காதீர்கள். இரண்டு மணிக்கு மேல் போனால் மேல்பரப்பு சுண்ணாம்பு மாதிரிப் பொடிந்துபோகும். தயிரின் புளிப்பு மென்மையானது, அது இரவெல்லாம் இருக்கலாம். பப்பாளிக்காய் இளங்கோழிக்குத் தேவையே இல்லை.

மூன்றாவது வேளை, எலும்பு. எலும்புக்கூடு, கழுத்து, இறக்கையின் நுனி எல்லாம் சேர்த்து அரை கிலோ. ஒன்றரை லிட்டர் பச்சைத் தண்ணீர் ஊற்றிச் சூடேற்றுங்கள். நுரை திரண்டு வரும்போது கரண்டியால் எடுத்துவிட்டு, ஒரு வெங்காயம், பத்து மிளகு போட்டு, ஓரத்தில் ஒன்றிரண்டு குமிழ் மட்டும் எழும் தீயில் இரண்டரை மணி நேரம். தளதளவென்று கொதித்தால் கொழுப்பு தண்ணீரோடு கலந்து சாறு கலங்கிவிடும், வாயில் பிசுக்காக நிற்கும். எரிவாயுவை மிச்சப்படுத்த வேண்டுமானால் குக்கரில் விசில் வந்தபின் சிறுதீயில் 45 நிமிடம், அழுத்தம் தானாக அடங்கட்டும். குக்கர் இங்கேதான் உதவும். ஈரலை இதில் போடாதீர்கள், கசக்கும். உப்பும் இப்போது வேண்டாம். பின்னால் சுண்டவைக்கும்போது கரித்துவிடும்.

வடிகட்டியதும் எலும்பில் ஒட்டிய கறியை விரலால் பிரித்தெடுங்கள், ஒரு சின்னக் கிண்ணம் தேறும். சாறு ஃபிரிட்ஜில் ஆறியதும் அல்வா போல் ஆடினால் ஜெலட்டின் நன்றாக இறங்கியிருக்கிறது. மேலே உறைந்த மஞ்சள் கொழுப்பை வழித்து, வெங்காயம் தாளிக்க வைத்துக்கொள்ளுங்கள். அந்தச் சாற்றில் அரிசியை வேகவைத்து, பிரித்த கறியும் பட்டாணியும் கலந்தால் ஒரு முழு வேளைச் சாப்பாடு. இல்லையென்றால் சூப்: சாறு கொதிக்கும்போது கார்ன்ஃப்ளார் கரைசல் ஊற்றி, அடித்த முட்டையை நூல் போல் விட்டு மெல்லக் கிளறினால் கறி குறைவென்பதே தெரியாது.

தோலோடு வாங்கியிருந்தால் தோலை நறுக்கி, கால் கப் தண்ணீரோடு சிறுதீயில் வையுங்கள். நீர் வற்றி, கொழுப்பு உருகி, அரை மணியில் தோல் மொறுமொறுப்பாகும். இரைப்பையின் உள்ளே இருக்கும் மஞ்சள் தோலை உரித்துவிட்டுக் குக்கரில் 20 நிமிடம் வேகவைத்துப் பிறகு வறுக்கவும். ஈரல் சில நிமிடத்தில் வெந்துவிடும், ஆனால் நடுவில் பச்சை இருக்கக் கூடாது.

பச்சைக் கோழி ஃபிரிட்ஜில் 4 டிகிரியில் ஒன்றிரண்டு நாள்தான் தாங்கும். எனவே அந்த இரண்டு நாளில் சமைக்காத பகுதியை வாங்கிய அன்றே ஃப்ரீசரில் போடுங்கள். பையில் தட்டையாகப் பரப்பிக் காற்றை அழுத்தி வெளியேற்றினால் சீக்கிரம் உறையும், சீக்கிரம் இளகும். இளக்குவதற்கு முந்தைய நாளே ஃபிரிட்ஜுக்கு மாற்றுவது நல்லது. அவசரமென்றால் பையோடு பச்சைத் தண்ணீரில் போட்டு, அரை மணிக்கொருமுறை தண்ணீரை மாற்றுங்கள். அப்படி இளக்கியதை உடனே சமைத்துவிட வேண்டும். சமையல் மேடையில் வெளியே விட்டு இளக்கினால் நடு உறைந்திருக்கும்போதே மேல்பரப்பில் கிருமி பெருகத் தொடங்கிவிடும்.

எலும்போரம் இளஞ்சிவப்பாகத் தெரிவதை வைத்து வேகவில்லை என்று முடிவுகட்ட வேண்டாம். இளங்கோழியின் எலும்பு மஜ்ஜை நிறம் கசிந்து, முழுதாக வெந்தபின்னும் அப்படித் தெரியலாம். உணவு வெப்பமானியை எலும்பில் படாமல் கனமான இடத்தில் குத்தி 74 டிகிரி காட்டுகிறதா என்று பாருங்கள். சமைத்ததை இரண்டு மணி நேரத்துக்குள் ஃபிரிட்ஜில் வைத்தால் மூன்று நாலு நாள் வரும். சாப்பிடுகிற அளவை மட்டும் எடுத்து, குழம்பைக் கொதிக்கக் கொதிக்கச் சூடாக்குங்கள். வறுவலுக்கு இரண்டு டேபிள்ஸ்பூன் எலும்புச் சாறு தெளித்து மூடிவைத்துச் சூடாக்கினால் நெஞ்சுக்கறி மறுபடி வறண்டுபோகாது.