ஓடைக்கரை பங்களா: அளக்காமல் அட்வான்ஸ் கொடுக்காதீர்கள்

கேள்வி: குன்னூர் அருகே ஓடைக்கரையில் வெள்ளைக்காரர் காலத்து ஓட்டு பங்களா விலைக்கு வருகிறது. நிறைய மராமத்து இருக்கிறது. பத்திரத்தில் 38 சென்ட், மேற்கு எல்லை 'ஆறு'. பட்டாவில் 0.12.00 ஹெக்டேர். கரையோர அவுட்ஹவுஸை இடித்துவிட்டுப் பெரிதாகக் கட்டலாம், பட்டாவைப் பிறகு சரிசெய்யலாம் என்கிறார் புரோக்கர். வாங்கலாமா? – வாசகர், கோவை

பதில்: 0.12.00 ஹெக்டேர் என்றால் 12 ஏர். ஓர் ஏருக்கு 2.47 சென்ட் வீதம் 29.64 சென்ட்தான் வருகிறது. மீதி எட்டு சென்ட்டுக்கு மேல் எங்கே? பெரும்பாலும் ஓடைப் பக்கம்தான், அதுவும் நீங்கள் ஆசைப்படும் அந்த அவுட்ஹவுஸுக்கு அடியில். அது நீர்நிலைப் புறம்போக்காக இருந்தால், எத்தனை தலைமுறை வேலி போட்டு ஆண்டிருந்தாலும் பட்டா கிடைக்காது. 'பிறகு சரிசெய்யலாம்' என்பவர் கமிஷன் வாங்கியதும் போனை எடுக்க மாட்டார். அவர் கையில் இருப்பது வெறும் பவர் பத்திரம் என்றால் இன்னும் உஷார்: எழுதிக்கொடுத்தவர் உயிரோடு இருக்கிறாரா, பவரை ரத்து செய்திருக்கிறாரா என்று பாருங்கள். பழைய பங்களா என்றால் வாரிசுகள் நாலு ஊரில் இருப்பார்கள். ஒருவர் கையெழுத்து விட்டுப்போனாலும் வழக்குதான்.

ஒன்றே ஒன்றில் உங்களுக்குச் சாதகம் இருக்கலாம். சில சிற்றோடைகள் பட்டா நிலத்துக்குள்ளேயே ஓடும். புலப்படத்தை, அதாவது அந்த சர்வே எண்ணின் அளவு வரைபடத்தை, வாங்கிப் பாருங்கள். ஓடைக்குத் தனி சர்வே எண் கொடுத்து, பதிவேட்டில் புறம்போக்கு என்று இருந்தால் பேச்சே இல்லை. தனி எண் இல்லாமல் உங்கள் உட்பிரிவுக்குள்ளேயே ஓடை வரைந்திருந்தால் நிலம் பட்டாதாரருடையது. அதற்காக ஓடையை மூடவோ திருப்பவோ கரையைக் கட்டி ஒடுக்கவோ முடியாது. மேலிருந்து வரும் தண்ணீருக்கு வழி விட்டே ஆகவேண்டும். ஆனால் உங்கள் பத்திரமே எல்லையை 'ஆறு' என்கிறது. அதனால் அதிகம் நம்பிக்கை வைக்காதீர்கள்.

நிலத்தை அளந்து தரக் கேட்டு, விற்பவரை இப்போதே சர்வேயருக்கு மனு போடச் சொல்லுங்கள். பணம் கட்டிவிட்டுக் காத்திருக்க வேண்டும். வருவாய்த் துறை நீர்வளத் துறையைக் கைகாட்டும், அவர்கள் திரும்ப இங்கேயே அனுப்புவார்கள். எல்லைக் கல்லை நட ஒரு தலைமுறை, கண்டுபிடிக்க ஒரு தலைமுறை! ஹைட்ராஞ்சியா புதருக்கடியில் பாதி புதைந்து கிடந்தாலும் அந்தக் கல்லை நேரில் பார்த்து, டேப் பிடிக்கும்போது கூடவே நில்லுங்கள்.

மராமத்தைப் பொறுத்தவரை, ஓடு மாற்றுவது, தரை போடுவது, பூசுவது பொதுவாகச் சிக்கலில்லை. இடித்துக் கட்டினால் அனுமதி வேண்டும். மலைப்பகுதிப் பாதுகாப்பு விதிக்குள் வரும் கிராமம் என்றால் வனம், கனிமம், வேளாண் பொறியியல் என்று தடையின்மைச் சான்றுக்கு அலைய வேண்டும். பொக்லைன் இறக்கவும் கலெக்டர் அனுமதி தேவை. சுண்ணாம்புச் சுவரில் சிமென்ட் பூசச் சொல்லும் மேஸ்திரியைத் திருப்பி அனுப்பிவிடுங்கள், ஈரம் வெளியேறாமல் சுவர் உப்பிவிடும்.

இவ்வளவுக்கும் பிறகு வீடு பிடித்திருந்தால், ஐப்பசி மழையில் ஒருமுறை போய் ஓடை எதுவரை ஏறுகிறது என்று பாருங்கள். விற்பனை ஒப்பந்தத்தில் 38 சென்ட் என்று எழுதவிடாதீர்கள். 'அளந்து வரும் பட்டா பரப்புக்கு மட்டும், சென்ட்டுக்கு இவ்வளவு' என்று எழுதி, அதைப் பதிவும் செய்துவிடுங்கள்.