வயதுப் பாகுபாடு என்றால் என்ன? மூத்தவர்களை மதிக்கும் ஊரிலும் அது இருக்குமா?

ஒருவரின் திறமையையோ தேவையையோ விசாரிக்காமல், வயதை மட்டும் வைத்து அவரைப் பற்றி முடிவெடுப்பதுதான் வயதுப் பாகுபாடு. கொங்கு நாட்டிலும் தாராளமாக இருக்கிறது. வங்கியில் அம்மாயி (அம்மாவின் அம்மா) பாஸ்புக்கை நீட்டுகிறார், கவுண்டரில் இருப்பவர் பக்கத்தில் நிற்கும் பேரனிடம், "பாட்டிக்கு எவ்வளவு பணம் வேண்டும்?" என்கிறார். கணக்கு அம்மாயியுடையது, கையெழுத்தும் அவருடையது. கேள்வி மட்டும் அவரிடம் வரவில்லை. எனக்கு இது மிகவும் வலிக்கிற காட்சி.

காரணம் என்ன? தோட்டத்தில் மூன்று தலைமுறையும் சேர்ந்து பாடுபட்டபோது, அப்புச்சிக்கு (அம்மாவின் அப்பாவுக்கு) என்ன தெரியும் என்பது பேரனுக்குக் கண்கூடாகத் தெரிந்தது. மில்லும் பனியன் கம்பெனியும் வந்தபின் இளையவர்கள் ஷிப்டுக்குப் போனார்கள், பெரியவர்கள் வீட்டில் தங்கினார்கள். பழக்கம் குறைந்த இடத்தை ஊகம் பிடித்துக்கொண்டது. உலகில் இருவரில் ஒருவருக்கு இத்தகைய மனப்போக்கு இருப்பதாக உலக சுகாதார நிறுவனம் 2021-இல் சொன்னது. தலைமுறைகள் கலந்து பழகுவதை ஒரு தீர்வாகவும் முன்வைத்தது.

ஈரோட்டில் மஞ்சள் வாங்குபவர் கிழங்கை உடைத்து உள்நிறம் பார்க்கிறார், மேல்தோலை வைத்து விலை சொல்வதில்லை. மனிதரிடம் நாம் தோலோடு நின்றுவிடுகிறோம்.

திட்டுவதும் துரத்துவதும் மட்டுமே பாகுபாடு என்று பலர் நினைக்கிறார்கள். ஆனால் "உங்களுக்கு எதற்குச் சிரமம்?" என்று பெரியவரிடம் அன்போடு கேட்டு, அவருடைய நிலத்தைப் பற்றிய பேச்சில் அவரையே ஒதுக்கிவைப்பதும் பாகுபாடுதான்.