வீட்டில் ஒருவருக்கு ஃப்ளூ, கைக்குழந்தைக்குத் தொற்றாமல் இருக்க

கணவருக்கு ஃப்ளூ, 3 மாதக் குழந்தைக்குத் தொற்றிவிடுமோ என்று பயந்து தரையைத் துடைத்துக்கொண்டே இருப்பதாக எழுதியிருக்கிறீர்கள். தரையை விடுங்கள், அதைத் தொட்டுவிட்டு யாரும் மூக்கைத் தேய்ப்பதில்லை. கதவுப் பிடி, சுவிட்ச், குழாய், முக்கியமாக அவருடைய போன், இவற்றைத் துடையுங்கள். வழவழப்பான பரப்பில் இந்த வைரஸ் 24 முதல் 48 மணி நேரம் வரை தாக்குப்பிடிக்கும். குழந்தையைத் தூக்கும் முன் 20 விநாடி சோப்புப் போட்டு விரல் இடுக்கு, நகக்கண், பலரும் விட்டுவிடுகிற கட்டைவிரல் எல்லாம் தேய்த்துக் கழுவுங்கள். ஆனால் பெரும்பாலும் இது இருமல், தும்மலில்தான் பரவுகிறது, அதனால் அறிகுறி தொடங்கி 5 முதல் 7 நாள் அவர் தனி அறையில், ஜன்னலைத் திறந்து வைத்துப் படுக்கட்டும், வெளியே வந்தால் முகக்கவசம். அப்புறம், குழந்தைக்குக் காய்ச்சல் அடித்தால் கைவைத்தியம் பார்க்காமல் உடனே டாக்டரிடம் தூக்கிக்கொண்டு போங்கள்.