ஆபீஸுக்கும் ஏலகிரிக்கும் ஒரே பைக்கா?

கேள்வி: தினமும் தாம்பரத்திலிருந்து கிண்டிக்கு வேலைக்குப் போகிறேன். வார இறுதியில் ஏலகிரி, ஏற்காடு என்று சுற்ற ஆசை. முதல் ஸ்போர்ட்ஸ் பைக்காக யமஹா ஆர்15 வாங்கலாமா? என் உயரம் 5 அடி 4 அங்குலம்.
- வாசகர், தாம்பரம்

பதில்: மலைக்கு மட்டும் என்றால் யோசிக்கவே வேண்டாம். ஏலகிரியின் 14 கொண்டை ஊசி வளைவுகளில் இந்த வண்டி சொன்னபடி திரும்பும். 155 சிசி இன்ஜினில் நிமிடத்துக்கு 7,400 சுற்று (ஆர்பிஎம்) தாண்டியதும், வால்வுகளைத் திறக்கும் ‘கேம்’ என்ற பாகத்தில், அவற்றை அதிகம் திறக்கும் இன்னொன்று வேலைக்கு வரும். அப்போது எழும் இழுவை எனக்கு ரொம்பப் பிடிக்கும்.

ஆனால் குரோம்பேட்டை, பல்லாவரம் நெரிசலில் அந்த ஆர்பிஎம்மை எங்கே தொடப்போகிறீர்கள்? ஹேண்டில்பார் தாழ்வு; குனிந்தே உட்கார வேண்டும். மெதுவாகப் போகும்போது உடல் பாரம் முழுக்க மணிக்கட்டில் இறங்கும். முழங்காலால் டேங்கை இறுக்கிப் பிடித்து, முழங்கையைத் தளர்த்தினால் வலி குறையும். சீட் உயரம் 815 மி.மீ.; உங்கள் உயரத்துக்கு சிக்னலில் முழுப் பாதம் ஊன்றுவது சிரமம். பின் சீட்டில் அம்மாவை உட்காரவைக்க நினைக்கவே வேண்டாம், பாவம்.

உங்களுக்கு நான் சொல்வது யமஹாவின் எம்டி-15. அதே 155 சிசி இன்ஜின்தான், ஹேண்டில்பார் மட்டும் உயரம். மலையிலும் குறை வைக்காது. அப்புறம், டெஸ்ட் ரைடை ஞாயிற்றுக்கிழமை காலையில் கேட்காதீர்கள். வேலை நாளில், மாலை 6 மணி நெரிசலில் ஓட்டிப் பாருங்கள்.