ஜிபிஎஸ் கருவிக்காக ‘காந்தப் புயல்’ ஆப் வாங்கலாமா?

கேள்வி: திருநெல்வேலிப் பக்கம் நில அளவை வேலை செய்கிறேன். சாலைப் பணிக்காக இரவிலும் அளக்க வேண்டியிருக்கிறது. சில நாட்களில் ஏழரை மணிக்கு மேல் ஆர்டிகே கருவி (சென்டிமீட்டர் துல்லியத்தில் இடம் காட்டும் ஜிபிஎஸ்) துல்லியமான ‘ஃபிக்ஸ்’ நிலைக்கு வராமல், தோராயமான ‘ஃப்ளோட்’டிலேயே நிற்கிறது. விண்வெளி வானிலை ஆப் ஒன்றுக்கு மாதச் சந்தா கட்டச் சொல்கிறார்கள். கேபி எண் ஏறினால் அலாரம் அடிக்குமாம். கட்டலாமா?

பதில்: கட்டாதீர்கள். அந்த ஆப் ஒழுங்காகவே வேலை செய்யலாம். ஆனாலும் அது சொல்லும் சேதி உங்கள் வேலைக்கு உதவாது.

பூமியின் காந்தப்புலம் எவ்வளவு குலுங்கியது என்று மூன்று மணி நேரத்துக்கு ஒருமுறை 0 முதல் 9 வரை சொல்வதுதான் கேபி. உலகம் முழுமைக்கும் ஒரே எண். துருவ ஒளி பார்க்கக் காத்திருப்பவருக்கு அது பொருத்தம். 2024 மே மாதக் காந்தப் புயலில் அது 9-ஐத் தொட்டபோது, அமெரிக்காவில் விதைப்பில் இருந்த விவசாயிகளின் ஜிபிஎஸ் டிராக்டர்கள் தடுமாறின. அவர்களுக்கும் அந்த எண் பயன்படும்.

நம் பக்கம் கதை வேறு. புவியின் காந்த நடுக்கோடு தமிழ்நாட்டின் தென்கோடியை ஒட்டிப் போகிறது. இந்தியப் புவிக்காந்தவியல் நிறுவனம் உங்கள் ஊரிலேயே ஓர் ஆய்வகம் வைத்திருப்பதும் அதனால்தான். இங்கே பொழுது சாய்ந்த பிறகு, வளிமண்டலத்தின் மேலே மின்துகள்கள் நிறைந்த அடுக்கான அயனி மண்டலத்தின் அடியிலிருந்து அடர்த்தி குறைந்த குமிழ்கள் மேலே கிளம்பும். அவற்றின் ஊடே வரும் செயற்கைக்கோள் சிக்னல் படபடக்கும். கருவி சில செயற்கைக்கோள்களைத் தவறவிடும். மார்ச், ஏப்ரல், செப்டம்பர், அக்டோபர் மாதங்களில், இரவு ஏழெட்டு மணி தொடங்கி நள்ளிரவு வரை இந்தத் தொல்லை அதிகம். சூரியனின் செயல்பாடு உச்சத்தில் இருக்கும் ஆண்டுகளில் இன்னும் கூடும். கேபி 1 என்று காட்டும் அமைதியான நாளிலும் வரும். பெரிய புயல் சில சமயம் இதை அடக்கியும்விடும்! அப்படியிருக்க, அந்த அலாரத்தை வைத்து நீங்கள் என்ன திட்டமிட முடியும்?

பகலிலும் அதே இடத்தில் ஃப்ளோட் வந்தால் மரம், கட்டடம், ரேடியோ இணைப்பு ஆகியவற்றை முதலில் பாருங்கள். இரவில் மட்டும் என்றால், துல்லியம் வேண்டிய புள்ளிகளை விடியற்காலைக்குத் தள்ளுங்கள். பேஸை (ஓரிடத்தில் நிறுத்தி வைக்கும் கருவி) ரோவருக்கு (கையில் கொண்டுபோய் அளக்கும் கருவி) பக்கத்தில் வையுங்கள். சிக்னலை இரண்டு அலைவரிசைகளில் வாங்கும் வசதி இருந்தால் போதும் என்று கடைக்காரர் சொல்வார். அது சிக்னலின் தாமதத்தைத் திருத்தும், படபடப்பை நிறுத்தாது. ஜிபிஎஸ்ஸோடு, அதைப் போன்ற பிற நாடுகளின் குளோனாஸ், கலிலியோ, பெய்டோ எல்லாவற்றையும் பிடிக்கும் கருவிக்குச் செலவழிப்பது மேல். குமிழ் வானத்தின் ஒரு பகுதியை மறைத்தாலும் மிச்சப் பகுதியில் போதுமான செயற்கைக்கோள்கள் இருக்கும்.

சந்தா விற்பவர் திரும்பவும் வந்தால், “சிக்னல் படபடப்பைச் சொல்லும் எஸ்4 எண்ணை எந்த ஊரில் அளக்கிறீர்கள்?” என்று கேளுங்கள். தென்னிந்தியாவில் ஓர் இடத்தைச் சொன்னால் மேற்கொண்டு பேசலாம். கேபி எண்ணை மட்டும் காட்டினால், அதை அமெரிக்க அரசின் கடல், வளிமண்டல ஆய்வு அமைப்பான நோவா இணையத்தில் இலவசமாகவே தருகிறது.

கேள்வி: அடிக்கடி அமெரிக்காவுக்கு விமானத்தில் போகிறேன். சூரியக் கதிர்வீச்சு எச்சரிக்கைக்கு நான் தனியாகப் பணம் கட்ட வேண்டுமா?

பதில்: வேண்டாம். சர்வதேச சிவில் விமானப் போக்குவரத்து அமைப்பின் ஏற்பாட்டில், 2019 நவம்பரிலிருந்து இந்த எச்சரிக்கைகள் விமானத் துறைக்கு நேரடியாகப் போகின்றன. துருவத்தை ஒட்டிய பாதையை மாற்றுவதா, உயரத்தைக் குறைப்பதா என்று முடிவெடுப்பது அவர்கள் வேலை. இருக்கையில் உட்கார்ந்திருக்கும் உங்கள் போனில் அலாரம் அடித்தால் நீங்கள் செய்யக்கூடியது ஒன்றுமில்லை.